திரை யாருக்குச் சொந்தம்?

ஒரு திரைப்படம் மூன்று கைகளைக் கடந்தே மக்களை வந்தடைகின்றது. அதனை ஆக்குபவன் ஒருவன். ஊரூராய் அனுப்பும் விநியோகஸ்தன் மற்றொருவன். படமாளிகையின் கதவைத் திறந்து காட்டுபவன் மூன்றாமவன். பின்னிரு கைகளும் ஒரே முதலாளிக்கு உரியனவாகிவிடின் கலைஞனின் கதி யாது? இலங்கைச் சினிமாவின் வரலாறு இக்கேள்விக்கு விடை கூறுகின்றது.

1928ஆம் ஆண்டில் சிற்றம்பலம் ஏ. கார்டினர் 'சிலோன் தியேட்டர்ஸ்' நிறுவனத்தைத் தொடக்கினார். பின்னர் 'சினிமாஸ் லிமிட்டெட்', 'சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ்' என்பனவும் எழுந்தன. பட இறக்குமதியும் விநியோகமும் முக்கிய படமாளிகைகளும் இம்மூன்று நிறுவனங்களின் பிடிக்குள் வந்தன. 1947 ஜனவரி 21ஆம் திகதி திரைக்கு வந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ', எஸ். எம். நாயகத்தின் தயாரிப்பில் மதுரையிலே உருவானது. நாடகம் இலங்கையினது, ஸ்டூடியோவும் படமாக்கும் முறையும் தென்னிந்தியாவினவை. அந்த மாதிரியை உதறி, இந்நாட்டுக் கிராமத்தின் வெயிலையும் வயலையும் திரைக்குக் கொணர 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வரவேண்டியிருந்தது.

தமிழ்ப் படத்தின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. சென்னையில் ஆக்கப்படும் படம் தன் செலவைத் தென்னிந்தியாவிலேயே பெருமளவு மீட்டுவிடும்; அதன் பிரதியொன்றை இங்கு தருவித்து ஓட்டுவது விநியோகஸ்தனுக்கு ஆபத்தில்லாத வணிகம். இலங்கையில் ஆக்கப்படும் தமிழ்ப் படமோ தன் செலவு முழுவதையும் இத்தீவின் சிறு தொகையான தமிழ் இரசிகரிடமே பெறவேண்டும். அதற்கும் படமாளிகை முதலாளியின் தயவு வேண்டும். இந்நிறுவனங்களை நடத்தியோருள் தமிழரும் இருந்தனரே என்று சிலர் வினவலாம். ஆம், இருந்தனர். ஆனால் முதலுக்குத் தாய்மொழி இல்லை; இலாபம் ஒன்றே அதன் மொழி. 1962இல் 16 மில்லிமீற்றர்ச் சுருளில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்' முதலாக நம்மவர் செய்த முயற்சிகள் இச்சுவரிலேயே முட்டின.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியது. இறக்குமதியும் விநியோகமும் அதன் பொறுப்பாயின. தயாரிப்பாளருக்குக் கடனுதவி கிட்டிற்று. இந்தியப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. அதன் பயனை நாம் கண்டோம். 'குத்துவிளக்கு' (1972), வானொலி நாடகத்தினின்று பிறந்த 'கோமாளிகள்' (1976), சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) ஆகியன அந்தப் பத்தாண்டின் படைப்புகளே. இவையனைத்தும் உயர்ந்த கலையென நாம் வாதிட வரவில்லை. வாசல் திறந்தால் வருவதற்கு ஆளுண்டு என்பதை இவை நிரூபித்தன என்றே கூறுகின்றோம்.

எனினும் அத்திறப்பு நீடிக்கவில்லை. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் சந்தையை மீண்டும் அரியணை ஏற்றியது. 1983 ஜூலையில் இனவெறி மூட்டிய தீயில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். தமிழனின் உடைமையென எண்ணிக் கொளுத்தியோர், சிங்கள மக்களின் கலைச்செல்வத்தையும் சேர்த்தே சாம்பலாக்கினர். இனவாதம் எவருக்கு நன்மை செய்தது?

பின்னர் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகமும் நீங்கி, விநியோகம் தனியார் கைக்கு மீண்டது. இன்று நம் இளைஞர் சிறு கமெராவைக் கொண்டே படம் ஆக்குகின்றனர். ஆக்கும் செலவு குறைந்துவிட்டது. ஆயின் படமாளிகையின் வாசலில் பழைய சுவர் அப்படியே நிற்கின்றது. கலைஞன் கையில் கமெரா மட்டும் இருந்தாற் போதாது. திரையும் மக்களுக்கு உரியதாதல் வேண்டும். ஊர்தோறும் வாசிகசாலை அமைத்த நமது சமுதாயம், ஊர்தோறும் ஒரு திரையை விரிக்க ஏன் முடியாது? நிலத்தை உழுபவனுக்கு நிலம் வேண்டுமென முழங்கிய நாம், படத்தை ஆக்குபவனுக்குத் திரை வேண்டுமென்றும் முழங்குவோமாக!