கை கொடுத்த இயந்திரக் கை



இயந்திர மனிதன் என்றதும் நம்ம பிள்ளைங்களுக்குச் சினிமாவில் சண்டை போடும் இரும்பு உருவம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், கை கால் வழங்காதவர்கள் ஒரு வாய் சோறு தாமே சாப்பிட வேண்டும் என்பதற்காகவும் அறிஞர்கள் பல்லாண்டு பாடுபட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம், வாருங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டவுனி என்னும் ஊரிலே ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனை இருக்கிறது. இளம்பிள்ளைவாதம் கண்டவர்கள் பலர் அங்கே சிகிச்சை பெற்றனர். உடற்பேறு குறைந்தவர்களுக்காக ஆறு மூட்டுகள் கொண்ட இயந்திரக் கை ஒன்றை அங்கு உருவாக்கினார்கள். 1963ஆம் ஆண்டு அது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கணினியால் இயக்கப்பட்ட முதல் இயந்திரக் கைகளுள் அதுவும் ஒன்று.

அடுத்து இங்கிலாந்துக்கு வருவோம். 1987ஆம் ஆண்டு கீல் பல்கலைக்கழகத்தில் மைக் டாப்பிங் என்பவர் 'ஹேண்டி 1' என்ற கருவியைச் செய்தார். யாருக்காகத் தெரியுமா? மூளைவாதத்தால் பாதிக்கப்பட்ட 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்காக! தட்டிலே உணவு வகைகளைத் தனித்தனி வரிசையாக வைப்பார்கள். வரிசைகளுக்குப் பின்னால் சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். வேண்டிய உணவுக்கு நேரே விளக்கு எரியும்போது ஒரே ஒரு விசையை அழுத்தினால் போதும். இயந்திரக் கை கரண்டியால் அள்ளி வாயருகே கொண்டுவரும். முதலில் உருளைக்கிழங்கா, இறைச்சியா என்று பிள்ளையே தீர்மானிக்கலாம். இதுதாங்க முக்கியம்!

2012ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழ் இன்னொரு செய்தியை வெளியிட்டது. அமெரிக்காவில் பக்கவாதத்தால் கை கால் செயலிழந்த ஒரு பெண்மணியின் மூளையில் சிறு மாத்திரை அளவே உள்ள உணர்கருவியைப் பதித்திருந்தார்கள். கையை அசைப்பதாக அவர் நினைத்ததும் கணினி அதைப் புரிந்துகொண்டு இயந்திரக் கையை இயக்கியது. ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்குப் பிறகு, பிறர் உதவியில்லாமல் அவர் காப்பியை உறிஞ்சிக் குடித்தார்.

பெற்றோர்களே! இக்கருவிகள் விலை கூடியவை. நம்ம வீட்டுக்கு வராமலே போகலாம். ஆனால் இவை சொல்லும் பாடத்துக்குக் காசு வேண்டாம். படுக்கையில் இருக்கும் பாட்டிக்கோ, கை வழங்காத பிள்ளைக்கோ ஊட்டும்போது, "என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அத்தகைய பிள்ளையை வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். பள்ளிக்கு அழைத்து வாருங்கள். உடற்குறையைக் காரணம் காட்டி எவரையும் கல்வியிலிருந்து ஒதுக்கக்கூடாது என்று நம் நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

மாணவச் செல்வங்களே! கணிதமும் அறிவியலும் கருத்தாய்ப் படியுங்கள். அடுத்த இயந்திரக் கை உங்கள் கையால் உருவாகட்டும்!