தந்தையின் தகுதியைச் சொல்லும் மகள்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். கறவை வாங்கச் செல்லும் முதியவர், தாய்ப்பசு எத்தனை படி கறந்தது என்று கேட்பார். தந்தைக் காளையைப் பற்றிய பேச்சோ திமிலோடும் அலைதாடியோடும் நின்றுவிடும். காளை கறப்பதில்லை, ஆதலின் அதன் தகுதிக்குக் கண்ணே அளவுகோலாயிற்று. 1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. அக்காலத்து மலாயாத் தோட்டங்களில் தமிழர் வளர்த்த மாடுகளும் பெரும்பாலும் இவ்வழியே பெருகின. பல இந்திய இனங்கள் கலந்த அவற்றுக்கு 'உள்நாட்டு இந்தியக் கறவை' என்ற பெயர் பின்னர் நிலைத்தது.

காளையை அதன் மகள்களைக் கொண்டு மதிப்பிடும் எண்ணம் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இராபர்ட் பேக்வெல் தம் கடாக்களைப் பருவத்துக்கு வாடகைக்கு விட்டு, பிறந்த குட்டிகளைக் கொண்டு அவற்றை எடைபோட்டார். பாலுக்கு இது எளிதன்று. தீவனம் மிகுந்த தொழுவத்து மகள் கூடுதலாகக் கறந்தால் அது தந்தையின் பேறா, தீவனத்தின் பேறா? டென்மார்க்கில் 1945 முதல் ஒரு காளையின் மகள்களை ஒரே நிலையத்தில் திரட்டி, ஒரே தீவனம் தந்து கறந்து பார்த்தனர். நிலையத்தில் தோன்றிய வேறுபாடு பண்ணைகளில் அவ்வளவாகத் தோன்றவில்லை. எடின்பரோவில் ஆலன் இராபர்ட்சனும் ரெண்டலும் 1950இல் வேறு வழி காட்டினர்: செயற்கைக் கருவூட்டலால் மகள்கள் பல பண்ணைகளில் பிறக்கட்டும், ஒவ்வொருத்தியையும் அவளுடன் அங்கேயே கறக்கும் ஒத்த வயதினரோடு ஒப்பிடுவோம். நம் கருத்தில் இதுவே திருப்பம்.

ஆனால் வீட்டுக்கு ஒரு பசு உள்ள நாட்டில் ஒப்பிடுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடிய இடமும் தமிழர் கொழுந்து பறிக்கும் மற்றொரு தேயிலை மலையே. மூணாறு அருகிலுள்ள மாட்டுப்பட்டியில் (பெயர்ப் பொருத்தத்தைக் காண்க) 1963இல் உருவான இந்திய-சுவிஸ் திட்டம், பிரவுன் சுவிஸ் காளைகளை உள்நாட்டுப் பசுக்களோடு கலந்தது. சுனந்தினி என்னும் கலப்பினம் இவ்வழி தோன்றியது. 1976இல் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் அமைந்தபின், உழவர் வீடுகளிலேயே மகள்களின் பாலை அளந்து காளைகளைச் சோதிக்கும் முறை வேரூன்றியது. ஒரு வட்டாரத்து வீடுகளை எல்லாம் ஒரே பண்ணையாகக் கருதினாலன்றி இக்கணக்கு நில்லாது.

காலமோ நீண்டது. காளைக்கு இரண்டு வயதாக வேண்டும். மகள் கருவில் ஒன்பது மாதம் இருந்து, மூன்று வயதளவில் ஈன்று, 305 நாள் கறக்க வேண்டும். விடை வரும்போது தந்தைக்கு ஏழு வயது நெருங்கும். அதுவரை அதன் விந்து திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழ் 196 பாகையில் காத்திருக்கும். தேறாத காளையின் விந்தைக் கொட்டிவிடலாம். ஆராயாது பரப்பியிருந்தால் ஆயிரம் ஏழை வீடுகளின் கறவை குறைந்திருக்கும், காரணமும் தெரிந்திராது.

இத்தனை கணக்கும் தங்கியிருப்பது, விடியலிலும் மாலையிலும் தொழுவத்தில் குவளையோடு நிற்கும் பதிவாளரிடம். கறக்குமுன் கன்று குடித்த பால் அவர் ஏட்டில் ஏறுவதில்லை. அன்று கன்றை எவ்வளவு நேரம் விட்டார்கள் என்பதையும் அவர் கேட்டறிய வேண்டும். வீட்டுக்காரம்மா உள்ளபடி சொல்லவும் வேண்டும்.