கத்தி வெச்சிருந்தா ரவுடியா? மடக்குக் கத்திப் பிரியர்களுக்கு ஒரு கையேடு!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள், மலை ஏறும் முன்னால் கோமுகி அணையில் வண்டியை ஓரங்கட்டாமல் போவதில்லை. நாங்களும் நிறுத்தினோம். ஆறு பேர். மூன்று பவர் பேங்க், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், வழியில் வாங்கிய ஒரு பை மாங்காய். உப்பும் மிளகாய்த்தூளும்கூட மறக்காமல் எடுத்து வந்திருந்தோம். அறுக்கத்தான் ஒன்றும் இல்லை! ஒருவன் பல்லால் முயற்சி செய்தான். இன்னொருவன் கார் சாவியால் குத்திப் பார்த்தான்.

பஸ்ஸுக்காக மர நிழலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், எங்கள் கூத்தைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை வந்தது, கொட்டைப்பாக்கு வந்தது, சுண்ணாம்பு டப்பா வந்தது. கடைசியில் விரல் நீளத்தில் ஒரு மடக்குக் கத்தி வந்தது. பிடியில் இருந்த மரம் தேய்ந்து பளபளத்தது.

“அய்யோ பாட்டி, நீங்க பெரிய ரவுடியா?” என்றான் எங்கள் ஆள்.

“பாக்கு நறுக்கறவ ரவுடின்னா எங்க ஊர்ல பாதிப் பொம்பளைங்க ரவுடிதான்டா. அறுத்துட்டுக் கழுவிக் குடு. புளிப்பு பட்டா கறுத்துடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஏனென்றால், அந்தக் கூட்டத்தில் கத்தி சேர்ப்பவன் நான்தான். வீட்டு மேசை இழுப்பறையில் பதினான்கு மடக்குக் கத்திகள் வரிசையாகத் தூங்குகின்றன. ‘வழியில் சோதனைச் சாவடியில் கேட்டால் என்ன சொல்வது’ என்ற பயத்தில் ஒன்றைக்கூட எடுத்து வரவில்லை. பாட்டியிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது தினமும் வேலை செய்கிறது.

கையடக்கக் கத்தி என்றதும் நமக்கு வில்லன் ஞாபகம் வருகிறது. ஆனால், தமிழ்நாட்டில் இதை மடியில் வைத்துத் திரிந்தவர்கள் படித்தவர்கள்! உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் 1940-லிருந்து தொடராக எழுதிய ‘என் சரித்திரம்’ நூலில், ஓலையில் எழுதிய காலத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொல்லும்போது எழுத்தாணி வகைகளையும் விவரிக்கிறார். அதில் ஒன்று மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் ஓலையை வாருவதற்கான சின்னக் கத்தி, இன்னொரு பக்கம் எழுத்தாணி. வேலை முடிந்ததும் இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். இன்றைய பாக்கெட் கத்தி செய்கிற அதே வேலை.

மேற்கிலும் இதே கதைதான். இறகுப் பேனாவின் முனையை அடிக்கடி சீவ வேண்டியிருந்ததால் வந்ததுதான் ‘பேனாக்கத்தி’ என்ற பெயர். இறகு போய், இங்க் பேனா வந்து, அதுவும் போய் பால்பாயின்ட் வந்துவிட்டது. கத்திக்கு மட்டும் பேர் மாறவில்லை. ஆக, இரண்டு ஊரிலும் இந்தச் சின்னக் கத்தி எழுதுகிறவர் கைப்பொருள்தான்.

அப்படியானால் ரவுடிப் பெயர் எங்கிருந்து ஒட்டியது? பெரிய பங்கு உத்தரப்பிரதேசத்தின் ராம்பூருக்கு. நவாப் காலத்துக் கொல்லர்களின் கைவேலையாக வளர்ந்த ராம்பூரி கத்தியை, 1970-களின் இந்திப் படங்கள் வில்லன் கையில் கொடுத்தன. விரிக்கும்போது வரும் அந்தச் சத்தமே பாதி வசனம்! நம் சினிமாவும் சும்மா இருக்குமா? பட்டன் கத்தியும் பிச்சுவாவும் இங்கேயும் வந்தன. ராம்பூர்க்காரர்கள் மட்டும் இதை அவமானமாக நினைக்கவில்லை. 2023-ல் ஊர் நாற்சந்தியில் 20 அடி நீளத்துக்கு ஒரு ராம்பூரி கத்தியைச் சிலையாகவே நிறுத்திவிட்டார்கள்.

முதல் கத்தி எதை வாங்குவது?

கத்தி சேர்க்கும் ஆசை வந்தால் முதலில் இணையத்தில் தேடுவீர்கள். மண்டை ஓடு பொறித்தது, டிராகன் படம் போட்டது, பட்டனைத் தட்டினால் பாய்வது என வரிசை கட்டும். அதெல்லாம் வேண்டாம். பார்க்கிறவரைப் பயமுறுத்தவென்று செய்த கத்தி பெரும்பாலும் மாங்காய்கூட அறுக்காது. இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல, நான் அழுத பணம்!

நல்ல தொடக்கம், சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி. 1884-ல் கார்ல் எல்ஸனர் என்பவர் சுவிட்சர்லாந்தில் பட்டறை தொடங்கினார். ராணுவ வீரர்களுக்குப் புதுத் துப்பாக்கி வந்திருந்தது. அதைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், டப்பா உணவைத் திறக்க ஓப்பனர் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிடிக்குள் அடக்கிய கத்தியை 1891-ல் ராணுவத்துக்குக் கொடுத்தார். அப்போது பிடி சிவப்பல்ல, மரம்தான். இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு அடிப்படையான ‘அதிகாரிகள் கத்தி’ 1897-ல் பதிவானது. 1909-ல் அம்மா விக்டோரியா இறந்தபோது அவர் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். பிறகு துருப்பிடிக்காத எஃகு வந்ததும், அதைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர்ந்து 1921-ல் விக்டோரினாக்ஸ் ஆனது. சாவிக்கொத்தில் தொங்கவிட 58 மில்லிமீட்டர் அளவு, பேன்ட் பாக்கெட்டுக்கு 91 மில்லிமீட்டர் அளவு. பயணத்துக்கு இது போதும்.

எனக்குப் பிடித்தது என்னவோ பிரான்ஸின் ஒபினெல்தான். 1890-ல் ஜோசப் ஒபினெல் தன் மலையூர் விவசாயிகளுக்காகச் செய்தது. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு இரும்பு வளையம், ஒரு ஆணி. அவ்வளவுதான்! அந்த வளையம் 1955-ல் சேர்ந்தது. அதைத் திருப்பினால் கத்தி பூட்டிக்கொள்ளும், விரல் மேல் மடங்காது. அளவுகளுக்கு நம்பர் உண்டு. 8-ம் நம்பரின் அலகு எட்டரை சென்டிமீட்டர். சேர்ப்பவர்களுக்கு இந்த நம்பர்கள் ஒரு போதை. ‘இன்னும் 6 மட்டும் பாக்கி’ என்று ராத்திரி தூக்கம் வராது.

ஆனால், ஒரு விஷயம். ஒபினெலின் பிடி பீச் மரம். வெள்ளிமலைப் பக்கம் மழைக்காலப் பனிமூட்டத்தில் ரெண்டு நாள் வைத்திருந்தால் மரம் ஈரம் குடித்து உப்பி, அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் போகும். முதலில் வளையம் பூட்டாத நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ‘டொக்’கென்று ஒரு தட்டு. அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பிரான்ஸ் மலைக்காரர்களும் இப்படித்தான் திறக்கிறார்கள்.

கறுப்பு படிவது அழுக்கல்ல

“புளிப்பு பட்டா கறுத்துடும்” என்று பாட்டி சொன்னது கார்பன் எஃகைப் பற்றி. எஃகில் குறைந்தது 10.5 சதவிகிதம் குரோமியம் இருந்தால்தான் அதைத் துருப்பிடிக்காத எஃகு என்பார்கள். கார்பன் எஃகில் அது கிடையாது அல்லது மிகக் குறைவு. அதனால் மாங்காய், எலுமிச்சை, புளி பட்டால் நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். பயந்துபோய்த் தேய்க்காதீர்கள். அந்தப் படலம் சிவப்புத் துருவைத் தள்ளிப்போடும். பாட்டியின் கத்தி ஏறக்குறைய கறுப்பாகவே இருந்தது. ஆனால், துளி துரு இல்லை. கழுவு, துடை, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவு... அவ்வளவுதான் பராமரிப்பு. மூட்டில் மண் சேர்ந்தால் வெந்நீரில் அலசி நன்றாகக் காயவிடுங்கள்.

கூர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மழுங்கிய கத்திதான் கையை அறுக்கும். அழுத்திப் பிடிப்போம், வழுக்கும். சாணைக்கல்லில் அலகைப் படுக்கவைத்து, முதுகை இரண்டு காசு அடுக்கிய உயரத்துக்குத் தூக்கி, கல்லின் மேல்தோலைச் சீவுவதுபோல் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. விளிம்பில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டால் கூர் ஏறிவிட்டது என்று அர்த்தம். பிசிறை எடுக்க, பழைய தோல் பெல்ட்டின் பின்பக்கத்தில் பின்னோக்கி இழுத்தால் போதும். கல் இல்லையா? பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் சொரசொரப்பான வளையம் இருக்கும். அவசரத்துக்கு அதுவே சாணை. கடைசியில் செய்தித்தாளைக் காற்றில் பிடித்து அறுத்துப் பாருங்கள். கிழிந்தால் இன்னும் வேலை பாக்கி.

கூர் ஏன் முக்கியம் என்று இந்தப் பகுதி மரவள்ளி விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். மரவள்ளிக்கு விதை கிடையாது, குச்சிதான். ஒரு சாண் நீளத்துக்குள், எட்டுப் பத்து கணுக்கள் இருக்கும்படி நறுக்கி நட வேண்டும். தோல் உரியாமல், நுனி சிதையாமல், ஒரே வெட்டில் வரவேண்டும். நசுங்கினால் குச்சி அழுகும். மூட்டை மூட்டையாக நறுக்கப் பெரிய கத்திதான் சரி. ஆனால், வரப்பில் நடக்கும்போது கண்ணில் பட்ட நல்ல குச்சியை எடுத்துக்கொள்ளவும், சொட்டுநீர்க் குழாயைச் சீவவும், உர மூட்டையின் தையலைப் பிரிக்கவும் பாக்கெட் கத்தி மாதிரி வராது. மலைமேல் கடுக்காயும் புளியும் பொறுக்குகிறவர்களுக்கும் அப்படித்தான்.

தாத்தா பெட்டியைத் திறந்து பாருங்கள்

சேர்ப்பதற்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. பழைய டிரங்குப் பெட்டிகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகள் இன்னமும் கிடைக்கின்றன. அலகின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு சிலுவையும் இருந்தால் அது ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவன முத்திரை. தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்; முத்திரையோடு மதிப்பும் போய்விடும்.

பிடி தந்தமாகவோ மான்கொம்பாகவோ இருந்தால் உஷார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி தந்த வணிகம் குற்றம். கடமான் கொம்பும் அப்படியே. தானாக உதிர்ந்த கொம்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மலைப்பக்கம் யாராவது ‘கொம்புப் பிடி, அசல்’ என்று ரகசியமாக நீட்டினால் அப்படியே நடையைக் கட்டுங்கள். அழகான பிடிதான் வேண்டுமென்றால் மரம் இருக்கவே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உளி பிடித்தே பிழைக்கிற ஊர் இது! உடைந்த பிடியோடு ஒரு சிற்பியிடம் போய்ப் பேசிப் பாருங்களேன்.

போலீஸ் கேட்டால்?

ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் விதிகள் ஆயுதமாகக் கணக்கில் வைப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை இதில் சேராது. நாம் பேசுகிற கத்திகள் இதில் பாதிகூட இல்லை. ஆனால், இடத்துக்கு இடம் அறிவிப்புகள் உண்டு. டெல்லியில் 1980-ன் அறிவிப்பு ஒன்று, ஸ்பிரிங்கிலோ பட்டனிலோ இயங்கும் கத்திகளுக்கு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று கோடு போட்டது. பட்டன் கத்தி வேண்டாம் என்று நான் மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது. செக்-இன் பெட்டியில் போடுங்கள். மறந்துபோய்ப் பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுத்த கத்தி எனக்கு ஒன்று உண்டு, இன்னும் ஆறவில்லை. நீதிமன்றம், அரசியல் கூட்டம், கூவாகம் மாதிரியான திருவிழா நெரிசல் ஆகியவற்றுக்குக் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும். குடித்துவிட்டுப் பேசுகிற இடத்துக்கும் வேண்டாம். மற்ற நேரத்தில், பையில் பழத்தோடும் டிபன் டப்பாவோடும் இருக்கிற சின்னக் கத்திக்கு அதுவே பதில். யாராவது கேட்டால் ஒளிக்காமல் எடுத்துக் காட்டுங்கள். அதற்காகக் கூட்டத்தில் விரித்து மடக்கி வித்தை காட்டாதீர்கள்.

அன்று மாங்காய் தீர்ந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்துப் பாட்டியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. “கையில குடுக்காத. கீழ வை, எடுத்துக்கறேன். அப்புறம் சண்டை வந்துரும்.” நம் வீடுகளில் இன்றும் இருக்கிற வழக்கம்தான். ஐரோப்பாவில் இதற்கு வேறு வைத்தியம்: கத்தியைப் பரிசாக வாங்குகிறவர் ஒரு காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அது பரிசு அல்ல, விலைக்கு வாங்கியது என்று கணக்கு. கல்யாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ நண்பருக்கு மடக்குக் கத்தி கொடுக்க நினைத்தால், மறக்காமல் ஒரு ரூபாய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்!