நீர் ஒழுகாத வலை

சல்லடை வாங்கப் போனால் "கண் சின்னதா இருக்கட்டும்" என்கிறோம். கம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை, பெயர் துளைக்குத்தான். மீன்வலைக்கும் இதே வழக்கு. ஆங்கிலத்தின் 'மெஷ்' இந்த இனத்தைச் சேர்ந்த சொல். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது குறித்தது நூலை அல்ல, நூல்களுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தை.

பிரெஞ்சில் வலைக்கண்ணுக்கு 'மாய்' என்று பெயர். இலத்தீன் 'மாக்குலா'வின் வழி வந்தது. மாக்குலா என்றால் கறை, புள்ளி, வலைக்கண்ணும்கூட. கண் மருத்துவர் விழித்திரையில் காட்டும் மாக்குலாவும் இதே சொல்தான், புள்ளி என்ற பொருளில். தமிழிலோ விழியும் கண், வலைத்துளையும் கண். தற்செயல், உறவு கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம்.

'மெஷ்' என்ற இந்தத் துளைச்சொல் பொறியாளர் கைக்குப் போனதும் தலைகீழானது. ஓர் உறுதிப்பொருள் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணினியில் பார்க்க, அதன் உருவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். அந்தத் துண்டுகளின் வலைதான் அவர்களுக்கு 'மெஷ்'. முக்கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வழியை 1943இலேயே கணிதவியலாளர் ரிச்சர்ட் கூரன்ட் காட்டியிருந்தார். விமானக் கட்டமைப்பின் விறைப்பைப் பற்றி 1956இல் டர்னர் முதலானோருடன் எழுதிய பொறியாளர் ரே கிளஃப், 1960இல் இம்முறைக்கு 'ஃபைனைட் எலிமென்ட்' என்று பெயர் வைத்தார். நுண்கணிதத்தின் சிறுத்துக்கொண்டே போகும் துணுக்கு அல்ல இது, அளவுள்ள துண்டு.

'ஃபைனைட்' நமக்குச் சிக்கலில்லை. 'முடிவுறு கணம்' பள்ளிப் பாடத்திலேயே உண்டு. 'எலிமென்ட்'தான் வம்பு. தனிமம் என்றால் வேதியியல் வாடை அடிக்கும், இலங்கையின் மூலகத்துக்கும் அதே கதி. கணத்துக்குச் சொல்லும் 'உறுப்பு' எனக்குப் பிடிக்கிறது. கையும் காலும் போலச் சேர்ந்திருந்தால்தான் இதற்கும் வேலை.

துண்டுகளின் மூலைகள் சேரும் புள்ளி 'நோடு'. இலத்தீனில் முடிச்சு. நம் இயற்பியல் நூல்கள் அதைக் 'கணு' என்கின்றன. கரும்பில் ஒரு துண்டும் அடுத்த துண்டும் கூடும் இடமல்லவா? மூலச்சொல்லைவிட மொழிபெயர்ப்பு பொருந்திவிட்ட அபூர்வம். ஒரு துண்டின் மூலை அடுத்ததன் மூலையைச் சேராமல் விளிம்பின் நடுவில் முட்டி நின்றால் அது 'தொங்கும் கணு'. தனியாகக் கவனிக்காவிட்டால் விடை கெடும்.

முப்பரிமாண உருவத்தை நான்முகிகளால் நிரப்புமுன், மேற்பரப்பின் முக்கோண வலை இடைவெளியில்லாமல் மூடியிருக்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் உள்ளே எது, வெளியே எது என்று பல மென்பொருள்கள் தடுமாறும். அப்படி மூடிய வலையை 'வாட்டர்டைட் மெஷ்' என்கிறார்கள், அதாவது நீர் ஒழுகாத வலை! சல்லடையில் தண்ணீர் மொண்ட நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள்.

அகன்ற தகட்டில் சிறு வட்டத்துளை இருந்தால், இழுக்கும்போது துளை விளிம்பில் தகைவு ஏறத்தாழ 3 மடங்காகும். அங்கே மட்டும் கண்ணைச் சிறிதாக்குவார்கள். முப்பரிமாண உருவம் முழுக்கப் பக்க அளவைப் பாதியாக்கினால் துண்டுகள் 8 மடங்காகப் பெருகும். ஆக, இந்த வலையில் கண் முழுக்க உலோகம். தகட்டின் அசல் துளையில்தான் கண்ணே கிடையாது.