தேவி பிரசாத் ராய் சௌத்ரி

தேவி பிரசாத் ராய் சௌத்ரி (ஜூன் 15, 1899 – அக்டோபர் 15, 1975) இந்திய ஓவியரும் சிற்பியும் ஆவார். சென்னை மெரினா கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலை இவருடைய படைப்பாகும்.

கல்வி

இவர் இன்றைய வங்காளதேசத்தின் ரங்பூர் பகுதியிலுள்ள தாஜ்காட்டில் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். வங்காள ஓவியப் பாணியில் மனித உருவம் மென்கோடுகளாலும் மங்கிய வண்ணங்களாலும் தீட்டப்பட்டது. உடலின் எடையும் தசையின் இறுக்கமும் அதில் முதன்மை பெறவில்லை.

பின்னர் இரண்மய் ராய் சௌத்ரியிடம் சிற்பம் கற்றார். கல்லைச் செதுக்கி நீக்கும் முறைக்கு மாறாக, களிமண்ணைச் சிறிது சிறிதாகச் சேர்த்து உருவத்தை வளர்க்கும் முறையை அவரிடம் அறிந்தார். இம்முறையில் முடிந்த களிமண் உருவிலிருந்து அச்சு எடுக்கப்பட்டு வெண்கலத்தில் வார்க்கப்படும். பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் தாக்கமும் இவருடைய படைப்புகளில் காணப்படுகிறது.

சென்னையில் பணி

1850இல் தொடங்கப்பட்ட சென்னைக் கலைப்பள்ளியில் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) 1929இல் பொறுப்பேற்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். கைவினைப் பயிற்சிக்கு முதன்மை அளித்த அந்நிறுவனத்தில் ஓவியமும் சிற்பமும் இவர் காலத்தில் சிறப்பிடம் பெற்றன. கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால் ஆகியோர் இவருடைய மாணவர்கள் ஆவர்.

படைப்புகள்

* தியாகிகள் நினைவுச் சின்னம், பட்னா (1956) – 1942 ஆகஸ்ட் 11 அன்று கொடியேற்றச் சென்று சுடப்பட்டு இறந்த ஏழு மாணவர்களைச் சித்தரிப்பது.
* உழைப்பாளர் சிலை, சென்னை (1959)
* காந்தி சிலை, மெரினா, சென்னை (1959)
* தண்டி யாத்திரைச் சிலைத்தொகுதி, புது தில்லி – இவருடைய மறைவுக்குப் பின் நிறுவப்பட்டது.

உழைப்பாளர் சிலை

பெரும் பாறையொன்றைப் பெயர்க்க முயலும் நான்கு தொழிலாளர்களை இச்சிலை காட்டுகிறது. இதற்குக் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரிகளாக நின்றனர். நால்வரில் எவருக்கும் பெயர் இல்லை. மன்னர்களுக்கும் தலைவர்களுக்கும் உரியதாயிருந்த பீடத்தில் கூலித்தொழிலாளர் ஏற்றப்பட்டனர். 1923 மே 1 அன்று ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

சிறப்புகள்

1954இல் அமைக்கப்பட்ட லலித் கலா அகாதமியின் முதல் தலைவராக விளங்கினார். 1958இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.