வகுப்பு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

குளச்சலில் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. 1741ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் டச்சுக் கம்பெனிப் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்ததன் நினைவு. சின்ன வயதில் அந்தப் பக்கம் விளையாடப் போவோம். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "ராஜா சுட்டதுல வெள்ளக்காரன் சரணடைஞ்சான்" என்று பெருமையாகச் சொன்னேன். பாட்டா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "லேய் மக்கா, ராஜாவா சுட்டாரு? சுட்டவனுக்க பேரு அதுல இருக்கா? சுமந்தவனுக்க பேராவது இருக்கா?" என்று கேட்டார். அன்று பதில் தெரியவில்லை. இன்று கொஞ்சம் தெரியும்.

அந்தப் போரில் பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூரின் படைத்தளபதி ஆனார். ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையை இன்றும் பார்க்கலாம். எதிரியாக வந்த அந்நியன் இங்கே தளபதி ஆகலாம். ஆனால் இந்த மண்ணில் பிறந்த பறையனும் புலையனும்? அவர்களை வயலோடு சேர்த்து விற்றார்கள், அடகு வைத்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அறிவிப்பு வந்ததே 1855இல்தான். அரசின் படைக்குப் பின்னாளில் வைத்த பெயர் 'நாயர் பட்டாளம்'. துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

எல்லைக்கு அந்தப்பக்கம் கதை வேறுமாதிரி தொடங்கியது. கும்பெனியின் மதராஸ் படையில் பறையர்கள் சேர்ந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் அவர்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. மராட்டியத்தில் மகர்களும் அப்படியே. 1818 ஜனவரி 1 அன்று நடந்த கோரேகான் போர் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி படையில் சுபேதார். பிறகு எப்படி அந்தக் கதவு மூடியது?

இங்கேதான் ராபர்ட்ஸ் பிரபு என்ற தளபதி வருகிறார். 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதி. அடுத்து 1893 வரை இந்தியா முழுமைக்கும் தளபதி. குறிபார்த்துச் சுடுவதில் அவருக்குப் பைத்தியம். மதராஸில் இருந்தபோது படைவீரர்களின் சுடும் திறனை வளர்க்கப் போட்டிகளுக்கு ஊக்கம் கொடுத்தார், தானும் ஓர் அணி சேர்த்துப் போட்டிக்குப் போனார். அப்படிப்பட்டவர் என்ன செய்திருக்க வேண்டும்? சுட்டுப் பார்த்துப் புள்ளியை எண்ணியிருக்க வேண்டும். செய்தது வேறு. நீண்டகால அமைதியில் தெற்கத்தியானின் போர்க்குணம் போய்விட்டது, வடக்கே உள்ள சில இனங்களே வீர இனங்கள் என்று முடிவுகட்டினார். புள்ளி போட்டது துப்பாக்கிக்கல்ல, பிறப்புக்கு!

1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நின்றது. 1894இல் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே எழுதினார். முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் 111ஆவது மகர் படை உருவானது; தேவை தீர்ந்ததும் 1921இல் கலைத்தார்கள். அடுத்த போர் வந்தபிறகு 1941இல்தான் மகர் ரெஜிமெண்ட் பிறந்தது. சமார் ரெஜிமெண்ட் 1943இல் வந்து 1946இல் போயிற்று. தேவைப்படும்போது வீரன், முடிந்ததும் தீண்டத்தகாதவன். பயிரைக் காக்கக் கூப்பிட்டு அறுவடையன்று விரட்டுவது நமக்குப் புதிதா என்ன?

ராபர்ட்ஸ் கதை இதோடு முடியவில்லை. போயர் போரிலிருந்து இங்கிலாந்து திரும்பியவர், உழைக்கும் மக்களும் குறிபார்த்துச் சுடப் பழகவேண்டும் என்று பிரச்சாரம் செய்தார். 1901இல் தொழிலாளர்களுக்கான துப்பாக்கி மன்றங்களின் சங்கம் அங்கே தொடங்கியது. சின்னக் குழல் துப்பாக்கி, குறைந்த செலவு, வேலை முடிந்த மாலையில் பயிற்சி. தன் நாட்டு மில் தொழிலாளி பழகினால் சுடுவான் என்று நம்பியவர், நம்மைப் பற்றி அப்படி நம்பவில்லை. பழக்கத்தால் வருவது திறமை என்பது அங்கே; பிறப்பால் வருவது என்பது இங்கே. ஒரே ஆளுக்கு இரண்டு நியாயம்.

பொழுதுபோக்காகச் சுடும் அப்படிப்பட்ட மன்றங்களில் ஒரு நல்ல வழக்கம் வளர்ந்தது. ஆட்களைத் திறமைப்படி வகுப்பாகப் பிரிப்பது. அமெரிக்கக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் சராசரி 85 விழுக்காட்டுக்குக் கீழே எடுப்பவர் ஒரு வகுப்பு. 85, 90, 95 என்று படிகள். 97க்கு மேலே உச்ச வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிப் பரிசு. புதிதாய் வந்தவன் இருபது வருடம் சுட்டவனிடம் முதல்நாளே தோற்று ஓடிப்போகாமல், தன் சமமானவனோடு மோதி வளர வழி. இதிலும் திருட்டு உண்டு. வேண்டுமென்றே குறைத்துச் சுட்டு, கீழ் வகுப்பில் பதுங்கிப் பரிசு அடிப்பவர்கள் உண்டு. அதைத் தடுக்கத்தான் போட்டிப் புள்ளிகளை விடாமல் பதிவு செய்கிறார்கள். புள்ளி ஏறினால் வகுப்பும் ஏறும்.

இதையும் 'வகுப்பு' என்கிறோம். ராபர்ட்ஸ் காலத்துப் படையில் சாதி, மதம் பார்த்துப் பிரித்ததையும் 'கிளாஸ் கம்பெனி' என்றுதான் சொன்னார்கள். முதல் வகுப்பு நீ சுட்டதைப் பார்த்து எழுதுவது, நாளை மாற்றலாம். இரண்டாவது நீ பிறக்கும் முன்பே எழுதியாகிவிட்டது. நீ நூறு குண்டு நடுவில் அடித்தாலும் அது மாறாது.

எனக்கும் ஒரு தாள் உண்டு. எண்பதுகளில் ஒரு கல்லூரியில் என்சிசியில் இருந்தேன். பாயிண்ட் டூடூ ரைபிள், ஐந்து குண்டு. படுத்துச் சுட்டேன். ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்போல நெருக்கமாக விழுந்திருந்தது. பயிற்சி கொடுத்த ஹவில்தார் இந்தியில் ஏதோ சொல்லி முதுகில் தட்டினார். முகாமுக்குப் போகும் அணியின் பட்டியல் வந்தது, என் பெயர் இல்லை. மற்றவர்களின் புள்ளி என்னவென்று எங்கும் ஒட்டவில்லை. பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். "உனக்குத்தான் ஸ்காலர்ஷிப் வருதுல்லா, பொறகு இதுவும் வேணுமா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாயா குடித்தபடியே சொன்னார். நான் பதில் பேசவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

"ஒலிம்பிக்ல ரிசர்வேஷன் உண்டா?" என்று நம்மைக் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். திறன் வகுப்பும் இட ஒதுக்கீடும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஒன்று திறமையை அளப்பது. மற்றது திறமை வளர இடமில்லாமல் தடுத்தவர்களிடம் பங்கு கேட்பது. ஆனால் கேலி செய்பவர் ஒன்றைக் கவனிக்கட்டும். ஐந்து ஒலிம்பிக்கில் சுட்ட கர்ணி சிங், பிகானிர் மகாராஜா. 2024இல் பாரிசுக்குப் போன பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பம். 2008இல் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா வீட்டிலேயே சுடுதளம் வைத்துப் பழகியவர். அவர்களின் உழைப்பை நான் குறைசொல்லவில்லை. பத்து மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் புள்ளியை அடிக்க எத்தனை ஆயிரம் மணிநேரம் வேண்டும்! அந்த மணிநேரத்தை யாரால் வாங்க முடியும் என்பதுதான் கேள்வி. போட்டித்தரமான காற்றுத் துப்பாக்கி ஒன்றின் விலை லட்சங்களில். மராட்டியத்து ரயில்வே ஊழியர் ஸ்வப்னில் குசாலே பாரிசில் வெண்கலம் வாங்கினார். கதவு கொஞ்சம் திறந்தால் யாரெல்லாம் வருவார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. மாவட்டத்துக்கு ஒரு பொதுச் சுடுதளம். பொதுவில் வைத்த துப்பாக்கிகள். எல்லோருடைய புள்ளியும் சுவரில் ஒட்டப்பட வேண்டும். புதியவர்களுக்குத் தனி வகுப்பு, புள்ளி ஏறினால் மேல் வகுப்பு. பட்டியலை வாசிப்பவர் பெயரைப் பார்க்காமல் தாளைப் பார்க்க வேண்டும்.

போன வருடம் கோயில் திருவிழாவில் தங்கச்சி மகள் பலூன் சுட்டாள். பத்துக்கு எட்டு. கடைக்காரன் துப்பாக்கியின் குறிமுள் கோணல். அவள் இரண்டு குண்டிலேயே அதைக் கண்டுபிடித்து, இடதுபக்கம் தள்ளிக் குறிவைத்துச் சுட்டாள். "எப்படிட்டீ தெரிஞ்சுது?" என்றேன். "மாமா, துப்பாக்கிதான் கோணல், எனக்க கண்ணு கோணல் இல்ல" என்றாள்.

பாட்டா இருந்திருந்தால் அவளைத்தான் அந்தத் தூணுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருப்பார்.