ஹால்: புகை படிந்த ஒரு சொல்

"ஹால்ல உக்காருங்க" என்றால் நமக்கு டிவியும் சோபாவும் போட்ட பெரிய அறை. இங்கிலாந்துக்காரருக்கோ ஹால் என்பது வாசற்கதவைத் திறந்ததும் வரும் ஒடுங்கிய நடை. கோட்டு மாட்ட ஒரு கொக்கி, மாடிக்கு ஏறும் படி, அவ்வளவுதான். நம் ரேழி மாதிரி. யார் சொல்வது சரி என்று அவர்களுடைய பழைய வீடுகளைக் கேட்டால், அவை நம் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன.

கென்ட் பகுதியின் சிடிங்ஸ்டோனில் இருந்த பேலீஃப் என்ற பண்ணைவீடு அப்படியொரு சாட்சி. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓக் மரச்சட்டங்களால் எழுப்பியது. துளையில் நாக்கைச் செருகி மர ஆணி அடித்து இணைத்த சட்டங்கள்; இடையில் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவர். இந்த வகைக்கு வீல்டன் வீடு என்று பெயர். வீல்டு என்றால் காடு. சிடிங்ஸ்டோனைச் சுற்றியுள்ள நிலப்பகுதிக்கே அதுதான் பெயர். வீட்டின் இரு கோடியிலும் மாடி உண்டு. நடுப்பகுதி மட்டும் தரையிலிருந்து கூரை வரை ஒரே வெளி. அதுதான் ஹால்.

அந்த ஹாலின் தரையில் திறந்த அடுப்பு. புகைபோக்கி கிடையாது. புகை தானே மேலேறி, கைமரங்களைத் தடவி, கூரை இடுக்குகளில் கசிந்து போகும். சன்னலில் கண்ணாடி இல்லை. மரக் கம்பிகளும் சாத்துபலகையும்தான். குடும்பத்தார், வேலையாட்கள், விருந்தாளி என்று எல்லோரும் அந்தத் தீயைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள், உண்டார்கள். பெரிய மனிதர் மாளிகை முழுவதையுமே ஹால் என்றார்கள். செஷயரில் இன்றும் நிற்கும் மரமாளிகைக்கு லிட்டில் மோர்ட்டன் ஹால் என்றே பெயர்.

சொல்லின் வேர் இன்னும் பழையது. 'மூடு, மறை' என்ற பொருள் கொண்ட இந்தோ-ஐரோப்பிய வேர் அது. தலையை மூடும் ஹெல்மெட்டும் அங்கிருந்து பிறந்ததுதான். சமஸ்கிருத 'சாலா'வையும் மொழியறிஞர்கள் இதே வேரோடு சேர்ப்பார்கள். அந்தச் சாலாதான் நம் பாடசாலையில் இருக்கிறது. ஒரு பள்ளியின் பெயரில் உள்ள பாடசாலையும் அதன் பிரேயர் ஹாலும் வெகுதூரத்துப் பங்காளிகள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

பிறகு தீ இடம் மாறியது. 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி ஊரெங்கும் பரவியது. தன் ஊர்க் கிழவர்கள் தங்கள் வாழ்நாளுக்குள் முளைத்த புகைபோக்கிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வியந்ததை வில்லியம் ஹாரிசன், 1577இல் வெளிவந்த இங்கிலாந்து பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். புகைக்கு வழி கிடைத்தபின் தலைக்குமேல் அத்தனை வெற்றிடம் எதற்கு? குறுக்கே உத்தரம் போட்டுப் பலகை பாவினார்கள். மேலே புதிய அறை கிடைத்தது. கீழே ஹாலின் உயரம் போயிற்று. மெல்ல மரியாதையும் போயிற்று. சமையல் அடுக்களைக்குப் போனது. குடும்பத்தார், 'பேசு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பெயர் வந்த பார்லர் என்ற அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். பழைய வீட்டில் வாசற்கதவு ஹாலின் ஓரமாகத்தான் திறக்கும். ஆகவே மற்ற எல்லாம் விலகியபின், கதவருகே எஞ்சிய இடத்தில் அந்தப் பெயர் தங்கிவிட்டது.

தமிழுக்கு ஆங்கிலேயர் வழியாக வந்த ஹால் நம் கூடத்தின் இடத்தில் அமர்ந்தது. கூடம் என்ற அழகான சொல் பேச்சிலிருந்து நழுவியதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் வந்த சொல்லை நாம் சரியான இடத்தில் உட்கார்த்தினோம்: எல்லோரும் கூடும் இடத்தில்.

பேலீஃபின் ஹாலுக்கும் காலப்போக்கில் தளம் போட்டிருந்தார்கள். 1960களில் பவ் பீச் நீர்த்தேக்கத்துக்காக அந்த நிலம் தேவைப்பட்டபோது, வீட்டைச் சட்டம் சட்டமாகப் பிரித்து, சசெக்ஸில் சிங்கிள்டன் ஊர் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். இடையில் வந்த தளம் இப்போது இல்லை. ஹால் கூரைவரை திறந்திருக்கிறது.

தளத்தைப் பிரிக்காத வீடுகளில் பரணில் ஏறி டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். கீழே வெள்ளையடித்த உள்கூரை, படுக்கையறை, கம்பளம். மேலே ஓக் கைமரங்கள் கன்னங்கரேலென்று இருக்கும். விரலால் தடவினால் கரி ஒட்டும். அவ்வளவு போதும், அந்த வீட்டில் ஒருகாலத்தில் ஹால் இருந்தது என்பதற்கு.